"நீங்க ரொம்ப சீனியர் சார்"

நேயர்களுக்கு வணக்கம். ஐம்பதைத் தாண்டி வேலை தேடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தேடி அலைந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 26 வருஷம், மைக்ரோமீட்டரும் கையுமாகத் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். கம்பெனியை மூடியபோது எனக்கு 52.

முதல் இன்டர்வியூவில் எதிரே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயசுகூட இருக்காது. டீ எல்லாம் வந்தது. "நீங்க ரொம்ப சீனியர் சார், உங்க சம்பளம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார். நான் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை! வயசாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சீனியர் என்பார்கள். உண்மையான பயம் வேறு. முப்பது வயசு மேனேஜர் சொன்னால் இந்த ஆள் கேட்பாரா என்பதுதான். அதை நேராகக் கேட்டிருக்கலாம்.

ஆன்லைன் விண்ணப்பம் இன்னும் மோசம். டிப்ளமோ முடித்த வருஷத்தைப் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. பட்டியலில் 1991ஐத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அதற்குள் இன்னும் கொஞ்சம் வயசாகிவிடும்.

அமெரிக்காவில் நாற்பது தாண்டியவர்களை வயசைக் காட்டி ஒதுக்கக் கூடாதென்று 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே "35க்குள்" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். மத்திய அரசு 2021இல் மூத்த குடிமக்கள் வேலைக்கென ஓர் இணையதளம் திறந்தது, ஆனால் அதற்கு 60 ஆகியிருக்க வேண்டும். கம்பெனிக்கு நான் கிழவன், சர்க்காருக்குப் பையன்.

இந்த நேரத்தில்தான் பி.எஃப். பென்ஷன் நினைவுக்கு வரும். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 50 வயசிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வீதம் பிடித்துக்கொள்வார்கள், 58 ஆன பிறகும் அது திரும்ப ஏறாது. நான் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மா சொல்லி நிறுத்தினேன்.

கடைசியில் வேலை வந்தது ரெஸ்யூமால் அல்ல. என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் இப்போது திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். "சார், கஸ்டமர் ஆடிட் வருது, நம்ம வேலைத் தரத்தைச் சோதிக்க வராங்க, பத்து நாள் வந்து பார்த்துத் தரீங்களா?" என்றான். பத்து நாள் இரண்டு வருஷமாகிவிட்டது, சம்பளம் பழையதில் பாதிதான். முதல் நாள் அவன் ஆட்கள் முன்னாலேயே பழக்கத்தில் "டேய்" என்று கூப்பிட்டுவிட்டேன். அப்புறம் "சார்" போட்டேன், அவன் நெளிந்தான். இப்போது அவனும் சார் என்கிறான், நானும் சார் என்கிறேன், டீ கொண்டுவரும் பையன்தான் யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று முழிக்கிறான்.