வேலையை விடறதுக்கு முன்னாடி 250 டம்ளர் எண்ணுங்க

வணக்கம் மக்களே. ஐடி வேலையை விட்டுட்டு சின்னதா ஒரு ஃபில்டர் காபிக் கடை போடலாமான்னு யோசிக்கறவங்களுக்கான வீடியோ இது. சென்னைல, நின்னு குடிச்சுட்டுப் போற மாதிரி, நூறு நூத்தியிருபது சதுர அடிக் கடை. கப்பச்சினோ, ஏசி, வைஃபை எல்லாம் வேற தொழில், அத இன்னிக்குத் தொடல.

முதல்ல இந்த ஃபில்டர ரெடி பண்ணிடுவோம், இறங்க நேரமாகும். 100 கிராம் பொடி, இதுல 80 காபி, 20 சிக்கரி. மேல் பாத்திரத்துல போட்டு, பக்கத்துல லேசா ரெண்டு தட்டு தட்டி சமமாக்கிக்கங்க. அழுத்துற தட்ட மேல வைங்க, ஆனா கையால அமுக்காதீங்க. இப்போ கொதிச்ச தண்ணி 50 மில்லி மட்டும். பாருங்க, பொடி அப்படியே உப்பி வருது. ஒரு நிமிஷம் ஊறட்டும். அப்புறம் மீதி 400 மில்லிய ரெண்டு தடவையா, ஓரத்துலேர்ந்து வட்டமா ஊத்தணும். 450 மில்லி ஊத்தினா 450 வராது. பொடி தன் எடையப் போல ரெண்டு மடங்கு தண்ணியக் குடிச்சிரும். கீழ 240, 250 மில்லிதான் இறங்கும். ஒரு காபிக்கு 25 மில்லி டிகாஷன், அதனால இது பத்து காபி.

இறங்கறதுக்குள்ள கணக்கப் பாப்போம். பொடி கிலோ 800 ரூபா, பால் லிட்டர் 60, சர்க்கரை 45னு வெச்சுக்கறேன். உங்க ஏரியா விலைய நீங்க போட்டுப் பாருங்க. ஒரு காபிக்குப் பொடி 10 கிராம், 8 ரூபா. பால் 85 மில்லி, 5 ரூபா 10 காசு. சர்க்கரை 10 கிராம், 45 காசு. கேஸ் 60 காசு. கழுவற சோப்பு, உடையற டம்ளர் 50 காசு. சிந்தினது, திரிஞ்சது, மிஞ்சிப் போன டிகாஷன் 75 காசு. மொத்தம் 15 ரூபா 40 காசு. 25 ரூபாக்கு வித்தா கைல நிக்கறது 9 ரூபா 60 காசு.

வாடகை 22,000, மாஸ்டருக்கும் கிளாஸ் கழுவற ஆளுக்கும் சேத்து 40,000, கரண்ட், தண்ணி 6,000, சில்லறைச் செலவு 4,000. ஆக 72,000. இத 9.60ஆல வகுத்தா மாசம் 7,500 காபி, ஒரு நாளைக்கு 250. இதுல உங்களுக்கு ஒரு பைசா சம்பளம் இல்ல. கடை தன் காலுல நிக்கறதுக்கே 250. வீட்டுக்கு 50,000 எடுத்துட்டுப் போகணும்னா இன்னும் 174 காபி, மொத்தம் 424. வடை, பிஸ்கட், பன் பட்டர்லாம் அதுக்குத்தான் வைக்கறாங்க.

இங்க நிறைய பேர் கோட்டை விடற எடம் ஒண்ணு. தினம் 250 காபின்னா வருஷத்துக்கு 22 லட்சத்துக்கு மேல விற்பனை. 20 லட்சம் தாண்டினாலே ஜிஎஸ்டி பதிவு வேணும். காம்போசிஷன்ல, அதாவது சின்னக் கடைக்காரங்களுக்கான சுலப ஜிஎஸ்டி முறைல போனா விற்பனைல 5 சதவீதம் உங்க கைலேர்ந்து கட்டணும், கஸ்டமர்கிட்ட தனியா வாங்க முடியாது. காபிக்கு ஒண்ணேகால் ரூபா போச்சு, லாபம் 8 ரூபா 35 காசு. இப்போ அந்த 250, ஏறக்குறைய 290 ஆயிடும். பாய்லர், ஃபிரிட்ஜ் வாங்கறப்போ கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது. கம்பெனில இன்புட் கிரெடிட், அதாவது வாங்கறப்போ கட்டின ஜிஎஸ்டியக் கழிச்சுக்கறத, பாத்துப் பழகினவங்க இத மறந்துட்டு எக்செல் போடறாங்க.

இன்னொண்ணு, நான் 30 நாள் கணக்குப் போட்டிருக்கேன். ஓஎம்ஆர்ல ஆபீஸ நம்பிக் கடை போட்டா உங்களுக்கு 22 நாள்தான். அதே 7,500 காபிய 22 நாள்ல விக்கணும்னா நாளைக்கு 341. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் மாதிரி குடியிருப்புப் பக்கம்னா ஞாயித்துக்கெழமையும் காலைல கூட்டம் இருக்கும், ஆனா அஞ்சரைக்கே ஷட்டரத் தூக்கணும். எடம் பாக்கறப்போ புரோக்கர் பேச்ச விடுங்க. பக்கத்துல இருக்கற டீக்கடைக்கு எதிர்ல ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, காலைல 6லேர்ந்து 9 வரை, சாயங்காலம் 4லேர்ந்து 7 வரை நின்னு டம்ளர எண்ணுங்க. லீவு போட்டுட்டுப் போய் எண்ணுங்க, ராஜினாமா பண்ணிட்டு இல்ல.

ஃபில்டரப் பாருங்க, சொட்டு சொட்டா இறங்குது. இதான் வேகம். மடமடன்னு ஊத்திச்சுன்னா பொடி கொரகொரப்பு, இல்லன்னா சரியா தட்டல. டிகாஷன் தண்ணியா இருக்கும். சொட்டே விழலன்னா பொடி ரொம்ப நைஸ், இல்ல தட்ட அழுத்திட்டீங்க, இல்ல சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும். சில நேரம் அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, காத்து அடைச்சிருக்கும். மேல் பாத்திரத்தக் கொஞ்சம் தூக்கி வெச்சா விட்டுரும்.

பொடியப் பத்தி. பிளான்டேஷன் ஏன்னா அராபிகால பெரிய கொட்டை, அது மணத்துக்கு. பீபெரி, அதாவது பழத்துக்குள்ள ஒத்தையா விளையற உருண்டைக் கொட்டை, அதையும் சேக்கலாம். ரொபஸ்டாங்கற இன்னொரு வகைக் கொட்டை கொஞ்சம் சேத்தா திடம் வரும், விலையும் இறங்கும். சிக்கரி 20லேர்ந்து 30க்குள்ள நிறுத்துங்க. அதுக்கு மேல போனா நிறம் நல்லா வரும், காபி மணம் போயி ஒரு இனிப்புக் கசப்பு தங்கிரும். பாக்கெட் பொடி வாங்கினா சிக்கரி எத்தன சதவீதம்னு அதுல போட்டே ஆகணும், காபி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது. லேபிளப் படிங்க.

பாலுக்கு ஆவின்ல பச்ச பாக்கெட் 4.5 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6 சதவீதம். கடைக்கு ஆரஞ்சோ, ரெண்டையும் பாதிப் பாதியோ நல்லா வரும். போர்டுல கும்பகோணம்னு எழுதினா பால் கெட்டியாயிடாது. பத்து லிட்டர ஒரே குண்டால காலைல காச்சி மூணு மணி நேரம் அடுப்புலயே வெக்காதீங்க. ரெண்டாவது மணி நேரத்துலயே அடிப்பிடிச்ச வாசன ஏறிடும், அத எந்த டிகாஷனும் மறைக்காது. மூணு லிட்டர் பாத்திரம் ரெண்டு வெச்சு மாத்தி மாத்தி காச்சுங்க. டிகாஷனையும் நேரா அடுப்புல வெச்சு சூடு பண்ணாதீங்க, கசந்துரும். பாத்திரத்தச் சுடுதண்ணிக்குள்ள வைங்க. காலைல எறக்கின டிகாஷன் சாயங்காலத்துக்கு வேண்டாம், புளிப்புத் தட்டும். ஊத்தினதும் பால் திரியுதுன்னா பால்காரரத் திட்டறதுக்கு முன்னாடி, பாத்திரத்தோட விளிம்புல பழைய பாலாடை காஞ்சு ஒட்டியிருக்கான்னு விரல வெச்சுப் பாருங்க.

பேப்பர் கப்பு ஏன் கணக்குல போடலன்னு கேப்பீங்க. உள்ள பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பு தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேர்ந்து தடை. எல்லாரும் வெச்சிருக்காங்களேன்னு நீங்களும் வெச்சா அபராதம் உங்க பேர்லதான் வரும். கிளாஸ், இல்ல எவர்சில்வர் டவரா செட். உச்ச நேரத்துல மணிக்கு 80 காபி போகும், ஒரு டம்ளர் போய்க் கழுவித் திரும்பி வர 12 நிமிஷம்னா ஒரே சமயத்துல 16 வெளிய சுத்தும். மூணு மடங்கு வைங்க, அம்பது.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதுல பதிவோ லைசென்ஸோ எடுத்து அந்த 14 இலக்க நம்பரக் கடைல மாட்டணும். மாநகராட்சி தொழில் உரிமம் தனி. சிலிண்டர் 19 கிலோ கமர்ஷியல்தான். இந்த அளவு கடைக்கு ஒண்ணு சுமார் 12 நாள் வரும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஈபி கார்டப் பாருங்க. வீட்டு இணைப்புலேர்ந்து கடைக்கு இழுத்திருந்தா மாட்டறது வாடகைக்கு இருக்கற நீங்கதான். வணிக இணைப்புக்கு மாத்திக் குடுத்தாதான் கையெழுத்துன்னு சொல்லிடுங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா பாய்லர்ல வெள்ளையாப் படியும், சூடாக நேரமாகும், கேஸ் தின்னும். லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து அரை மணி நேரம் சூட்டுல வெச்சு வடிச்சிட்டு, ரெண்டு தடவ நல்ல தண்ணில அலசுங்க. ஆர்ஓ தண்ணின்னா டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 75லேர்ந்து 150க்குள்ள வெச்சுக்கங்க. ரொம்ப இறக்கிட்டா காபி சப்புன்னு இருக்கும்.

ஆபீஸ் பக்கம் ஒரே விஷயம். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோட முடிஞ்சிரும், புதுசா எடுக்கற பாலிசில முதல் 30 நாள் நோய்க்குக் கவர் இருக்காது. அதனால நோட்டீஸ் பீரியட்லயே எடுத்துடுங்க. ஆறு மாசச் செலவு, அதாவது 4,32,000, கடை போடற முதலோட சேக்காம தனியா இருக்கணும்.

மாஸ்டர் ஒரு நாள் சொல்லாம நின்னுடுவார். கண்டிப்பா நடக்கும். அன்னிக்கு நீங்க பாய்லர் முன்னாடி நிக்கணும். அதுக்குத்தான் இந்த 25 மில்லி கரண்டி. கண்ணளவுல ஊத்தற மாஸ்டர் போனா ருசியும் அவரோட போயிடும், கரண்டில ஊத்தினா ருசி கடைலயே இருக்கும். நல்ல மாஸ்டருக்குக் கரண்டி பிடிக்காது, சண்ட போடுவாங்க. விட்டுக் குடுக்காதீங்க.

சரி, இறங்கிடுச்சு. நாப்பது நிமிஷம், நடுவுல கட் பண்ணிட்டேன். அளந்து பாப்போம்... 240. நாளைக்கு 250 காபிக்கு இதே மாதிரி ரெண்டரை கிலோ பொடி. காலைக்கு மட்டும் அரைக் கிலோ ஃபில்டர் மூணு, அஞ்சரைக்குக் கடைன்னா நாலு மணிக்குள்ள தண்ணி ஊத்தியாகணும். இந்தப் பொடில இன்னொரு 200 மில்லி ஊத்தினா ரெண்டாம் டிகாஷன் வரும். நிறம் இருக்கும், மணம் இருக்காது. அத முதல் டிகாஷனோட கலந்து விக்கச் சொல்லி யாராவது ஐடியா குடுப்பாங்க. காபிக்கு ஒண்ணு ரெண்டு ரூபா மிச்சம் ஆகும், உண்மைதான். காலைல ஆறு மணிக்கு தினம் வர்ற ஆளு மூணாவது நாள் எதிர்க் கடைல நிப்பார்.