‘ஒரே ஒரு மேட்ச்தான்மா!’

அவையோருக்கு வணக்கம்.

‘நிஜத்தை மறக்கடிக்கும் வீடியோ கேம்கள்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். தலைப்பைக் கொடுத்தவர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தலைப்போடு நான் கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். கேம் ஆடுகிறவன் அதை நிஜமென்றே நம்பிவிடுகிறான் என்ற பயம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கென்னவோ அவன் நம்புவதில்லை என்றே படுகிறது. நம்பாமலேயே மாட்டிக்கொள்கிறான். அது எப்படி என்பதைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

டெட்ரிஸில் ஆரம்பிப்போம். 1984இல் மாஸ்கோவில், அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. கதை கிடையாது, முகம் கிடையாது, ரத்தம் கிடையாது. மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நிஜமென்று நம்ப யாராலும் முடியாது. ஆனால் இரவெல்லாம் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். படுத்துக் கண்ணை மூடினால் கட்டை விழும்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் தூக்கத்தை ஆராய்கிற ராபர்ட் ஸ்டிக்கோல்டுக்கு இதே மாதிரி ஒன்று மலையில் நடந்தது. பகலெல்லாம் மலையேறிவிட்டு வந்து படுத்தவருக்கு, தூக்கம் கண்ணைச் சுற்றுகிற நேரத்தில் கைக்குக் கீழே பாறை தட்டுப்பட்டது. மலையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது, டெட்ரிஸைக் கொண்டுவரலாம். 27 பேரை மூன்று நாளில் 7 மணி நேரம் ஆடவைத்து, தூங்கப் போகும்போது என்ன தெரிகிறது என்று கேட்டார். 17 பேர் கட்டைகள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

அந்த 27 பேரில் 5 பேர் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைப் பதியவைக்க முடியாதவர்கள். நேற்று ஆடிய கேம் இன்று அவர்களுக்கு நினைவில் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்களிலும் 3 பேருக்குக் கட்டைகள் விழுந்தன! என்னவோ வடிவங்கள் விழுகின்றன, திரும்புகின்றன என்றார்கள், எங்கே பார்த்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. கேம் ஆடியதே ஞாபகமில்லாத ஒருவரின் கண்ணுக்குள் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் நம்பிக்கை எங்கே வந்தது, ஏமாற்றம் எங்கே வந்தது? மூளை தனக்குப் பழகியதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது, நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

கண்ணிலும் இப்படி ஒன்று உண்டு. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பினார். பாறை மேல்நோக்கி நகர்ந்தது. கிட்டார் ஹீரோ என்று ஒரு கேம் உண்டு, திரையில் சுரப்புள்ளிகள் ஒரே திசையில் ஓடி வந்துகொண்டே இருக்கும். அதை ஒரு மணி நேரம் ஆடிவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவர் நீளும். அருவி செய்ததைத்தான் அதுவும் செய்கிறது.

2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலிகா ஒர்டிஸ் டி கோர்தாரி, மார்க் கிரிஃபித்ஸ் உள்ளிட்டோர் 15 முதல் 21 வயது வரையிலான 42 பேரை உட்காரவைத்துப் பேசினார்கள். ஒருவருக்கு எதிரே வருகிறவரின் தலைக்கு மேல் கேமில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மாதிரி ஒரு பட்டை தெரிந்ததாம். இன்னொருவர் கையிலிருந்து சாண்ட்விச் தவறி விழுந்தது, உடனே விரல் கன்ட்ரோலர் பட்டனைத் தேடியிருக்கிறது. ஆய்வு வெளியானதும் பத்திரிகைகள் ‘நிஜத்துக்கும் கேமுக்கும் வித்தியாசம் தெரியாத தலைமுறை’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்த ஆய்வைப் படித்தால் அப்படி எனக்குப் படவில்லை. விரல் பட்டனைத் தேடியது உண்மை. சாண்ட்விச் திரும்பக் கைக்கு வரும் என்று அந்தப் பையன் காத்திருக்கவில்லை. குனிந்து எடுத்திருப்பான், இல்லை திட்டிக்கொண்டே குப்பையில் போட்டிருப்பான்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருப்பீர்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர் காலையில் நம்மோடு டீ குடித்தவர், அது நமக்கும் தெரியும். இருந்தும் திரௌபதியின் புடவையில் அவர் கை வைக்கும்போது வயிறு கலங்குகிறதா இல்லையா? தெரிவது ஒரு பக்கம், கலங்குவது ஒரு பக்கம். இரண்டும் ஒரே மனிதருக்குள் சேர்ந்தே இருக்கும்.

கண்ணை மூடி வேறொரு உலகத்தைக் காட்டுகிற விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உயரமான கட்டடத்தின் உச்சியில் ஒரு பலகை மேல் நடக்கிற கேம் உண்டு. தரையில்தான் நிற்கிறோம் என்பது தெரியும், ஆனாலும் கால் நடுங்கும். இந்தத் துறையில் பல வருடம் வேலை செய்த மெல் ஸ்லேட்டர் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: அங்கே நாம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்கும்போதே, அங்கே இருக்கிற உணர்வு வந்துவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் தலைப்புக்கு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 2014இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்டைனிக்கேயும் கெர்ட் ப்ரூடரும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 24 மணி நேரம் ஹெட்செட்டோடு வாழ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்ன இடைவேளை. சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. இருப்பது எந்த உலகம் என்ற குழப்பம் சில தடவை வந்தது என்றும், இங்கே நடந்ததையும் அங்கே நடந்ததையும் கலந்துகொண்டது என்றும் அறிக்கையில் எழுதினார்கள். அது ஒரே ஒரு ஆளை வைத்து, ஒரு முழு நாள் விடாமல் செய்தது. நம் வீட்டுப் பையன் கையில் இருப்பது ஆறு அங்குல போன்.

சரி, நிஜம் தெரிகிறது என்றால் பிறகு என்னதான் பிரச்சினை? ஒரு கசப்பான சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

தென் கொரியாவில் சுவோன் நகரம். 2009 செப்டம்பரில் மூன்று மாதக் குழந்தை ஒன்று பட்டினியால் இறந்தது. 2010 மார்ச்சில் பெற்றோர் கைதானார்கள். இருவரும் இரவெல்லாம் பிசி பாங்கில் இருந்திருக்கிறார்கள். பிசி பாங் என்பது 24 மணி நேரமும் திறந்திருக்கிற நெட் சென்டர், உட்கார்ந்த இடத்துக்கே நூடுல்ஸ் வரும். அவர்கள் ஆடியது ப்ரியஸ் ஆன்லைன். அந்த கேமில் அனிமா என்று ஒரு சின்னப் பெண் நம்மோடு கூடவே வருவாள், அவளைப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். உலகப் பத்திரிகைகள் எல்லாம் ‘பொம்மைக் குழந்தைக்காக நிஜக் குழந்தையைக் கொன்றார்கள்’ என்று எழுதின. எது பொம்மை, எது குழந்தை என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? பிசி பாங்குக்குப் போய்வருகிற இடைவெளியில் வீட்டுக்கு வந்து பால் கொடுத்திருக்கிறார்களே. நாளுக்கு ஒரு தடவை. அந்தக் குழந்தைக்குப் பசிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் பிடியிலிருந்து போய்விட்டது.

அதற்கு முன்பு 2005இல் அதே நாட்டின் தேகு நகரில் ஓர் இளைஞர் ஏறக்குறைய 50 மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட் என்ற விண்வெளிப் போர் கேம் ஆடிவிட்டு, நெட் சென்டரிலேயே சரிந்து இறந்துபோனார். நான் விண்வெளி வீரன் என்று நினைத்துக்கொண்டு அவர் சாகவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம், கெடுதல் நடந்தும் விடாமல் தொடர்வது. பொதுவாக 12 மாதம் இப்படி இருந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சூட்டலாம். ‘நிஜம் எது என்று தெரியாமை’ அந்த அடையாளங்களில் கிடையாது. மருத்துவர்களே அதைத் தேடவில்லை, நாம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு வருகிறேன். பழைய கேமில் நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பப்ஜி மாதிரி ஆன்லைன் கேமில் அது இல்லை. 100 பேர் இறங்குகிறார்கள், நாலு பேர் ஒரு ஸ்க்வாட், ஒரு மேட்ச் அரை மணி வரை போகும். நடுவில் அம்மா “சாப்பிட வாடா” என்று கூப்பிட்டால், அவன் போனைக் கீழே வைத்த நிமிடம் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். “ஒரே ஒரு மேட்ச்தான்மா” என்று அவன் கெஞ்சுவது பொய்யும் இல்லை, பித்தும் இல்லை. நண்பர்களை நட்டாற்றில் விடக் கூடாது என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்கிறான். அந்த மேட்ச் முடிந்ததும் திரை அடுத்த மேட்ச்சைத் தயாராக நீட்டும், அங்கேதான் சறுக்குகிறான்.

இது தற்செயலாக அமைந்தது என்று நினைக்காதீர்கள். 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் வெளியாவதற்கு முன், சோதனைக் கட்டத்தில், தயாரிப்பாளர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு ஏற்பாடு வைத்தார்கள். ரொம்ப நேரம் ஆடினால் கிடைக்கிற புள்ளி பாதியாகிவிடும். ஆடினவர்கள் கொதித்துப்போனார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். பாதியாகக் குறைந்ததை ‘வழக்கமான புள்ளி’ என்றார்கள், முன்பு வழக்கமாக இருந்ததை ‘ஓய்வெடுத்தவருக்கு இரட்டிப்பு’ என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம்! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எழுந்து போகச் சொல்லவும் இவர்களால் முடியும், ஆளைக் கோபப்படுத்தாமல் சொல்லவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அரசுகள் வேறு வழியில் போயின. தென் கொரியா 2011 நவம்பரில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேமை மூடியது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். 2021இல் இதே சட்டத்தின் கோளாறால் மைன்கிராஃப்ட், அதாவது செங்கல் அடுக்கி வீடு கட்டுகிற குழந்தைகள் கேம், அங்கே பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆகிப்போனது. ஊரே சிரித்தது. 2022 ஜனவரியில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சீனா 2021இல் இன்னும் கறாராக இறங்கியது. 18 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை. நிஜப் பெயரில் பதிவு செய்தால்தான் திறக்கும்.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. “இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டாமா?” என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதைக் கேட்கிற பூட்டை எந்தப் பிள்ளையும் ஒரு வாரத்தில் திறந்துவிடும். தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். மேட்ச் முடிந்ததும் அடுத்ததைத் தானாக நீட்டாதே. எத்தனை மணி நேரம் ஆகிவிட்டது என்பதை மூலையில் காட்டு. தினமும் வரவில்லையென்றால் பரிசு போய்விடும் என்று பிள்ளையை மிரட்டாதே. இதையெல்லாம் செய்யத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள், வார்கிராஃப்ட் கதையைத்தான் இப்போது சொன்னேனே.

அந்தத் தாய்க்கு வீட்டளவில் ஒன்று சொல்கிறேன். “உடனே மூடு” என்று கத்தாதீர்கள், மேட்ச் நடுவில் அது அவன் காதில் ஏறாது. அவனும் பதிலுக்குக் கத்துவான். “இந்த மேட்ச் எப்போ முடியும்?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் நேரத்துக்குப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். முடிகிற அந்தச் சில விநாடிகளில்தான் போனைக் கீழே வைக்க அவனால் முடியும், அடுத்தது தொடங்கிவிட்டால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

பின்வரிசையில் இரண்டு தம்பிகள் ரொம்ப நேரமாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஆமோதிக்கிறார்களா மறுக்கிறார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை. மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.