குறட்டையே இல்லை, ஆனாலும் காலையில் தலைவலி: இரவில் என்ன நடக்கிறது?

வணக்கம் மக்களே! எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இட்லி இறங்கவில்லை, பள்ளியில் இரண்டாவது பீரியடிலேயே கண் சொக்குகிறது. "ராத்திரியெல்லாம் போன் பார்த்திருப்பான்" என்போம். அவனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய் இருந்தால், திட்டுவதை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

டூஷேன் என்றால்? டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசைகள் வருடா வருடம் வலுவிழக்கும் மரபணு நோய், பெரும்பாலும் பையன்களுக்கு. அவ்வளவுதான், தூக்கத்துக்கு வருவோம்.

[திரையில்: இருட்டு வீடு, ஒரே ஒரு ஃபேன் சுற்றுகிறது]

கரண்ட் போனால் கிரைண்டர், ஏசி, மோட்டார் எல்லாம் நின்றுவிடும், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற ஃபேன் மட்டும் ஓடும் இல்லையா? நாம் அதிகம் கனவு காணும் 'ரெம்' தூக்கத்தில் மூளையே வேண்டுமென்று இந்தக் கரண்ட் கட்டைச் செய்கிறது, கனவில் பஸ்ஸைத் துரத்துகிறவன் கட்டிலிலிருந்து குதித்து ஓடிவிடக் கூடாதே! கை, கால், கழுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள், ஏறக்குறைய எல்லாம் ஆஃப். கண்ணை உருட்டும் தசைகளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானமும்தான் இன்வெர்ட்டர் லைனில். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த ஒற்றை ஃபேனே தேய்ந்துபோயிருந்தால்? பகலில் கைகொடுத்த பக்கத்துத் தசைகள் இப்போது இல்லை. மூச்சின் ஆழம் குறைகிறது, கரியமில வாயு ரத்தத்தில் தேங்குகிறது, மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, விடிந்தால் தலைவலி. பகல் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கலாம். கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கும் இரவுநேரத் தூக்கப் பரிசோதனையில்தான் சிக்கும்.

'ஆக்சிஜன் வைத்தால் போச்சு' என்று கமெண்ட் டைப் செய்கிறவரே, கொஞ்சம் பொறுங்கள். ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டிய கருவியில் எண் அழகாக ஏறும், உள்ளே கரியமில வாயு அப்படியே இருக்கும், கூடவும் செய்யலாம். இங்கே வேண்டியது ஒவ்வொரு மூச்சுக்கும் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளிக்கொடுக்கும் பைபேப் என்ற வென்டிலேட்டர் மெஷின். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1960களில் டூஷேன் உள்ளவர்கள் இறந்த சராசரி வயது 14.4, 1990க்குப் பிறகு வென்டிலேட்டர் வைத்துக்கொண்டவர்களுக்கு 25.3.

அப்புறம், மெஷின் தீர்க்காத ஒன்று. நாம் தூக்கத்திலேயே புரண்டுகொள்கிறோம். இந்தப் பையனுக்குத் தலையணைக்கு அடியில் காது மடங்கி வலித்தாலும் "அம்மா, திருப்பி விடும்மா" என்று கூப்பிட்டால்தான் உண்டு, போர்வையை உதறக்கூட முடியாது. அப்படி எழுந்து திருப்பிவிடும் அம்மா அப்பாக்கள் பார்க்கிறீர்களா? ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை என்று கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோ படுக்கையைப் பற்றித்தான்.