டூ வீல் கெப்பை உயர்த்துமுன் அடியில் குனிந்து பாருங்கள்

[காட்சி: மாரிமழை விட்ட காலை. ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்பாதை. சில்லுத்தடங்களில் தண்ணீர்.]

இந்தப் பாதையை வன்னியில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலபோகம் தொடங்கியதும் உழவு இயந்திரங்கள் போய்வந்து இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் விழுந்துவிடும். நடுவில் மண் திட்டாக எழுந்து நிற்கும். உழவு இயந்திரம் அதற்கு மேலாகக் கடந்துவிடும். பின்னால் வரும் டூ வீல் கெப்போ (பின்சில்லுகள் மட்டும் இழுக்கும் பிக்கப்) அடிவயிறு திட்டில் குந்தி, பின்சில்லுகள் சும்மா சுழல நின்றுவிடும். இப்படி மாட்டியவர் நேரே கராஜுக்குப் போய்ச் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, மூன்று அங்குலம் தூக்கிவிடுங்கோ."

தூக்கலாம். ஆனால் எந்தப் பாகம் தட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

[காட்சி: கெப்பின் பின்பக்கம், தரை மட்டத்திலிருந்து.]

பின்னச்சின் நடுவில் தொங்கும் இந்த உருண்டைதான் டிபரென்ஷியல், இயந்திரத்தின் விசையை இரண்டு பின்சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுப் பெட்டி. நடுத்திட்டில் பெரும்பாலும் உரசுவது இதுதான். அச்சு நேரே சில்லுகளின் மேல் நிற்கிறது. அதனால் பிளேட்டுக்கும் (பாரம் தாங்கும் தட்டு வில்) அச்சுக்கும் இடையில் எவ்வளவு பெரிய கட்டை வைத்தாலும் சேஸியும் பெட்டியும்தான் உயரும். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கணக்கைப் பாருங்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீற்றர். 225/75 ஆர்15 டயருக்கு அது 718. வித்தியாசத்தில் பாதி, அதாவது 25 மில்லிமீற்றர், ஓர் அங்குலம் உருண்டைக்குக் கிடைக்கிறது. அந்த ஓர் அங்குலத்துக்கும் விலை உண்டு: மீற்றர் 60 காட்டும்போது வாகனம் உண்மையில் 64க்கு மேல் ஓடும், சுமையோடு இழுவையும் சற்றுக் குறையும்.

அப்படியானால் சஸ்பென்ஷனை உயர்த்துவது எதற்கு? இந்த டயர் மட்காட்டில் முட்டாமல் சுழல இடம் வேண்டும். கியர்பெட்டி, புகைக்குழாய், எண்ணெய்த்தாங்கி ஆகியவையும் திட்டுக்கு மேலே போக வேண்டும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஹைலக்ஸ் பிரீரன்னர், டி-மேக்ஸ் ஹைலாண்டர் போன்றவை தொழிற்சாலையிலேயே உயர்த்தி வந்த டூ வீல் வகைகள். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டது என்றால் நல்ல டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

[காட்சி: பின் பிளேட்டுகள், நெருக்கமாக.]

பின்பக்கத்தில்தான் தெரிவு கடினம், ஏனென்றால் நம் கெப்கள் வெறுமையாக ஓடுபவை அல்ல. நெல், உரம், தண்ணீர்த்தாங்கி, முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டி என்று எப்போதும் ஏதாவது இருக்கும். ஆகவே உயரத்தைச் சுமையேற்றிய பிறகு அளவிடுங்கள். கட்டை மலிவு, ஆனால் அச்சு முறுக்கப்படுவதைக் கூட்டும், சுமை தாங்க உதவாது. கட்டைக்கு மேல் கட்டை அடுக்கவே கூடாது. உங்கள் வாகனத்தில் பிளேட் அச்சுக்குக் கீழே இருந்தால் கட்டை வாகனத்தைத் தாழ்த்திவிடும் என்பதையும் கவனியுங்கள். பிளேட்டின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமாகப் போட்டால் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்ப்பது சுமைக்கு நல்லது, வெறுமையாகப் போகும்போது இடுப்பை உடைக்கும். வழக்கமாக ஏற்றும் பாரத்துக்கு ஏற்ற முழுப் புதுப் பிளேட் தொகுதியும், அதற்கு நீளமான சொக் அப்சோபரும் செலவு கூடியவைதான். ஆனாலும் உழைக்கும் வாகனத்துக்கு அதையே சொல்வேன்.

முன்பக்கம் இலகு. சில்லுக்கு ஓடும் இயக்கத்தண்டு இல்லாததால் நான்கு சில்லும் இழுக்கும் போர் வீலுக்கு வரும் தொல்லை பாதி இல்லை. டோர்ஷன் பார் (முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் தண்டு) உள்ள கெப்பில் அதன் போல்ட்டை முறுக்கினாலே உயரும். ஆனால் ஓர் அங்குலத்துக்கு மேல் முறுக்கினால் சில்லு கீழிறங்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் 'டக்' என்று அடிக்கும். சுருள்வில் உள்ளதற்குப் புது வில் போடுங்கள். எதைச் செய்தாலும் சில்லு நேர்ப்படுத்தல் கட்டாயம், இல்லாவிட்டால் புது டயர் ஒரு கரையாகத் தேய்ந்துபோகும்.

[காட்சி: பின்னச்சிலிருந்து சேஸிக்குப் போகும் மெல்லிய கம்பி. கமரா அங்கேயே நிற்கிறது.]

இதைத் தயவுசெய்து பாருங்கள். பல கெப்களில் இந்தக் கம்பி ஒரு பிரேக் வால்வோடு இணைந்திருக்கிறது. சுமையால் பின்பக்கம் தாழும்போது வால்வு பின்சில்லுகளுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை விடும். வாகனத்தை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், நெல் நிறைய ஏற்றியிருந்தாலும் வால்வுக்கு அது வெறும் வாகனம்தான். ஏ-9 வீதியில் மாடு குறுக்கே வரும்போது பின்பிரேக் போதிய அளவு பிடிக்காது. உயர்த்திய அளவுக்கு அச்சில் இருக்கும் கம்பியின் தாங்கியையும் உயர்த்தச் சொல்லி, முடிந்ததும் நீங்களே குனிந்து பாருங்கள். பிரேக் குழாய்கள் சில்லு முழுதாகத் தொங்கும்போதும் இழுபடக் கூடாது.

உயரம் சேற்றில் பிடியைத் தராது. பிடி தருவது டயரின் பூவும், பின்னச்சுக்கு மேல் இருக்கும் பாரமும். குளக்கட்டின் சரிவில் உயர்த்திய கெப் இலகுவில் சாயும் என்பதால், அங்கே பாரத்தைத் தாழ்வாக அடுக்குங்கள்.

வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் கேட்டுவிடுங்கள். முடிந்ததும் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி முன்விளக்கைத் தாழ்த்துங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு, பிளேட்டை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள். புதுப் பிளேட் படிந்ததும் அவை தளரும்.