வக்கா அனங்காமத்தான் நிக்கு

நேயர்களுக்கு வணக்கம். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் ராத்திரி மொபைலில் படம் எடுத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் விளக்குக்கெல்லாம் வால் முளைத்திருக்கும். வெளிச்சம் போதாததால் கேமரா கூடுதல் நேரம் கண் திறந்து வைக்கிறது. அதற்குள் நம் கை ஆடிவிடுகிறது. இருட்டில் பறவையைப் படம் பிடிக்கிறவனுக்கும் இதே தொல்லைதான்.

உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பிடித்த நம்ம தேரூர்க் குளத்துக்கு ஒருநாள் விடியுமுன் போனேன். ராத்திரி முழுக்க மீன் பிடித்துவிட்டு வந்த வக்கா, அதாவது இராக்கொக்கு ஒன்று பட்ட கட்டையில் நின்றது. கறுத்த முதுகு, சிவந்த கண். அப்போது எனக்கு ஐஎஸ்ஓ என்றாலே பயம். அது வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு; கூட்டினால் படத்தில் ரவை தூவினதுபோல் புள்ளி விழும். அதனால் 400ஐத் தாண்டமாட்டேன். ஷட்டர் வேகம், அதாவது கேமரா கண் திறந்திருக்கும் நேரம், ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் கலங்கல்.

பக்கத்தில் தாமரை பறிக்க இறங்கிய பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேய், அது அனங்காமத்தான் நிக்கு. நீருல்லா ஆடுதீரு!” என்றார்.

வக்கா ஆடவில்லை, நான்தான் ஆடினேன். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கே பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ சிறுபயறு கட்டி, வரப்பிலும் மதிற்சுவரிலும் வைத்து, அதன்மேல் லென்ஸைப் பதித்தேன். கேமரா முக்காலியைவிட இதுதான் எனக்கு வாகு. தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளலாம். ஒரு ஐப்பசி மழையில் உறை நனைந்து, மூன்றாம் நாள் பயறெல்லாம் முளைத்துவிட்டது. வீட்டில் சும்மா விடுவார்களா? “பாயசத்துக்கு வாங்கின பயறை இப்படியாக்கும் செய்தீங்க?” இப்போது அதே உறையில் நெல் உமி, உள்ளே பிளாஸ்டிக் பை.

பறவை அசையாமல் நிற்கும்போது இந்த மூட்டை போதும். அது தலையைத் திருப்பினால்? கொத்தினால்? அங்கே மூட்டை உதவாது, ஐஎஸ்ஓவைக் கூட்டித்தான் ஆகவேண்டும். 400லிருந்து 6400க்குப் போனால் பதினாறு மடங்கு. முப்பதில் ஒரு பங்காக இருந்த நேரம் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். புள்ளி விழுமே என்பீர்கள். விழட்டும். புள்ளியைக் கம்ப்யூட்டரில் ஓரளவு குறைக்கலாம், கலங்கலைத் தெளிய வைக்க நான் பட்ட பாடெல்லாம் வீண். புள்ளிக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் ஏற்றுவதும் வேண்டாம். நிழலெல்லாம் இன்னும் மோசமாகும். ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் பத்து பத்தாக எடுங்கள், ஒன்றாவது தேறும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். பயற்று மூட்டைக் கதையிலேயே பாதி நேரம் போய்விட்டது. ஆந்தை, பக்கி போன்ற ராத்திரிப் பறவைகளின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டுக்கு விரிந்த கண் அது. மணக்குடிக் காயலைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். சுருக்கமாக ஒன்று: அங்கே அந்தியில் நாரை நின்றால், மேற்கே சிவந்த வானத்தை அதன் பின்னால் வைத்துக் கருநிழலாக எடுங்கள். அதற்கு ஐஎஸ்ஓவை அவ்வளவாகக் கூட்டவே வேண்டாம். வணக்கம்.