மலையேறி வந்த செய்தி

(மூணாறு பட்டிமன்றம். தலைப்பு: ஊடகம் இன்றைய சமூகத்துக்குத் துணையா, சுமையா? ‘துணையே’ அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணியிலும் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் தோட்டத்துத் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் கோபமாகத்தான் பேசினார். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் இருக்கும் முல்லைப் பெரியாறு அணைத் தகராறில் டிவிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஊதிவிட்டார்கள், அவர்களுக்கு எல்லாமே வியாபாரம், இரண்டு நாள் காட்டிவிட்டு மறந்துபோவார்கள், அதனால் ஊடகம் சமூகத்துக்குச் சுமை என்றார். பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் மூணாறில் மேடை போட்டு இந்தத் தலைப்பைப் பேசிக்கொண்டு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடியைச் சொல்லாமல் போனால் நான் இந்த மலைக்காரியே இல்லை.

2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. நாள்கணக்கில் விடாத மழை. மலை சரிந்து லயங்களின் மேல், நம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்தில் இருந்த குழந்தைகளோடு சேர்த்து 70 பேர் போனார்கள். நிறையப் பேருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். தலைமுறை தலைமுறையாக இந்தத் தேயிலையில் உழைத்த குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. ஐயா, ஒரு ராத்திரி முழுக்க அந்த மண்ணுக்கு அடியில் உயிர் இருந்திருக்கலாம். சேதி போக வழியில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஊடகம் இல்லாத நிம்மதி பற்றி அண்ணன் பேசினார். அந்த ராத்திரி பெட்டிமுடியில் எந்த ஊடகமும் இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அதுவும் பெரிய துயரம்தான், அந்தக் குடும்பங்களின் கண்ணீரில் எனக்குப் பேதமில்லை. ஆனால் அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு அவர் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 13-இல். இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டது யார்? தோட்டத் தொழிலாளியின் உயிருக்கு ஏன் பாதி விலை என்று பத்திரிகையும் டிவியும் கேட்டன. அதன்பிறகுதான் இது முதற்கட்ட உதவி மட்டுமே என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. லயத்தில் இருந்துகொண்டு நாம் கேட்டிருந்தால் திருவனந்தபுரம் வரைக்கும் எட்டியிருக்குமா?

இரண்டு நாளில் மறந்துவிடுகிறார்கள் என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. லயங்கள் இன்றும் எப்படி ஒழுகுகின்றன என்று யாரும் தினமும் வந்து காட்டுவதில்லை. ஆனால் அதற்கு வேண்டியது இன்னும் கூடுதலான செய்தியாளர்கள், தமிழும் மலையாளமும் தெரிந்து இந்த மலையிலேயே இருந்து எழுதக்கூடியவர்கள். இருப்பதையும் சுமை என்று தள்ளிவிட்டால் அந்த ஒழுகல் யார் கண்ணில் படும்?

சரி, 2015 செப்டம்பருக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் பலர் அந்த ரோட்டில் உட்கார்ந்தவர்கள்தான். முந்தைய வருஷம் கிட்டத்தட்ட 20 சதவீதமாக இருந்த போனஸைத் தோட்டக் கம்பெனி 10 என்று குறைத்தது. நாள் கூலி அப்போது 232 ரூபாய். கட்சிக் கொடி இல்லை, சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் வரக்கூடாது என்று நம் பெண்கள் விரட்டினார்கள். பெண்கள் மட்டும். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று கேரளம் முழுக்கப் பேசிய அந்தப் போராட்டத்தைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோனது மலையாளச் சேனல்களின் நேரலை. நம் பெண்கள் தமிழில் பேசினார்கள், அதைக் கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டார்கள். அதுவரைக்கும் மூணாறு என்றால் அவர்களுக்குப் பனியும் பச்சையும் ஹனிமூன் ஓட்டலும்தான். பச்சைக்குள்ளே குனிந்து நிற்கிற ஆள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து தெரிந்தாள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். அரசு தலையிட்டது. ஒன்பது நாளில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, மொத்தம் 20 சதவீதம் கையில் வந்தது. பிறகு கூலியும் 301 ஆனது. கேட்ட 500 வரவில்லை, அது வேறு கதை.

அந்த வெற்றி பெண்களுடையது. கேமரா தந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்களை அடித்து விரட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது முல்லைப் பெரியாறு. 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றி எல்லை ஊரான குமுளியில் தமிழர்கள் மேல் நடந்த தாக்குதலை நான் மறைக்கவில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த நம் குடும்பங்கள் பயந்துபோய்ப் போடிக்கும் கம்பத்துக்கும் இறங்கினார்கள். அணை உடைவதுபோல் படம் போட்டுப் பயம் காட்டிய சேனல்கள் செய்தது பாவம்தான். ஆனால் அந்தப் பயம் எப்படித் தணிந்தது அண்ணா? நீதியரசர் ஆனந்த் தலைமையிலான குழு அணை பலமாக இருக்கிறது என்று 2012-இல் அறிக்கை கொடுத்தது. 1895-இல் கட்டி முடித்த அணைக்கு மேலே கான்கிரீட் போட்டது, இரும்பு வடம் இறக்கி இறுக்கியது, பின்புறம் முட்டுக் கொடுத்தது எல்லாவற்றையும் பத்திரிகைகள்தான் நமக்குப் புரியும்படி எழுதின. 2014 மே 7-இல் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தது.

அப்புறம் 2018 வெள்ளம். அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. கேட்டவர்களுக்குப் பேசியவன் யார் என்றே தெரியவில்லை. அதை ஊடகத்தின் கணக்கில் எழுதாதீர்கள். பொய் என்று அரசு சொன்னதை அன்றைக்கே வீட்டுக்கு வீடு சேர்த்தவர்கள், பெயர் போட்டுச் செய்தி சொல்கிறவர்கள். தப்பாகச் சொன்னால் அவர்களிடம் போய்க் கேட்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். பெயர் சொல்லாமல் சுற்றும் வாட்ஸ்அப் குரலிடம் நீங்கள் எங்கே போய்க் கேட்பீர்கள்?

வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். பத்திரிகை விற்றால்தான் நிருபருக்குச் சம்பளம். நாம் பறிக்கும் தேயிலையும் விற்பனைக்குத்தான் போகிறது.

நடுவர் ஐயா, மணி அடிக்கக் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவரிடம் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் மூணாறுக்கு ஒரு கேமராகூட வராமல் இருந்திருந்தால், இதோ முன்வரிசையில் இருக்கும் இந்த அம்மாக்களின் கையில் 20 சதவீதம் வந்திருக்குமா? அவர்களின் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு அவர் தன் உரையைத் தொடங்கட்டும்.