வெங்காயத் தாளில் அசுவினி

வணக்கம். வீட்டில் வெங்காயம் போட்டிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். தாள் தளதளவென்று வந்துகொண்டிருக்கும், ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் தாள் பிரிகிற இடுக்கில் கடுகு தூவினது போலக் கறுப்பாகவோ பழுப்பாகவோ அப்பியிருக்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அதுதான் அசுவினி, தாளின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. தாளின் மேல் வெள்ளி பூசினாற்போல் கோடு கோடாக இருந்தால் அது இலைப்பேன், அது வேறு.

அசுவினியில் பெண் ஒன்று இருந்தால் போதும். ஆண் துணை இல்லாமலே நேராகக் குட்டி போடும், வெயில் காலத்தில் அந்தக் குட்டி பத்து நாளுக்குள் தாயாகிவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பது போதாது என்கிறேன்.

மருந்து என்ன என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மருந்துக்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். நான் தோட்டம் தொடங்கிய புதிதில், அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே ஆறு கால், கறுப்பு உடம்பு, மேலே ஆரஞ்சுப் புள்ளி, முதலை மாதிரி சொரசொரப்பாக ஒரு புழு ஊர்வதைப் பார்த்தேன். இதுதான் தாளைத் தின்கிறது என்று நினைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் நசுக்கினேன். அடுத்த வாரம் அசுவினி இரண்டு மடங்கு. தோட்ட வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, "நீங்க கொன்னது பொறிவண்டோட குட்டியை" என்றார். அப்புறம் மிச்சமிருந்த ஒன்றை, அசுவினி பிடித்த தாளோடு கண்ணாடிக் குப்பியில் விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் போட்டுக்கொண்டே போனது. கூட்டுப்புழு ஆவதற்குள் இப்படி நூற்றுக்கணக்கில் தின்றுவிடும். சிவப்பு ஓட்டோடு இருக்கும் பொறிவண்டு எல்லாருக்கும் தெரியும், அதன் குட்டியைத்தான் யாருக்கும் தெரிவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், முதலை மாதிரி இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, எறும்பு. செடியில் எறும்பு ஏறி இறங்கினால் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பு வரும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, அப்படியும் குறையவில்லையா? முதலில் வெறும் தண்ணீர். தாளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இடுக்கில் விசையாகப் பீய்ச்சுங்கள். விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி திரவ சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். துணி துவைக்கும் தூள் வேண்டாம், தாள் கருகிவிடும். வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு உண்டு, வெறும் தண்ணீரில் கலந்து தெளித்தால் பெரும்பாலும் உருண்டு ஓடிவிடும், சோப்பு இருந்தால் ஒட்டும். ஆனால் சோப்பு படுகிற இடத்தில்தான் கொல்லும், பொறிவண்டுக் குட்டி மேல் பட்டால் அதையும் கொல்லும். அதனால்தான் முதலில் பாருங்கள் என்கிறேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வேப்பெண்ணெயும் லிட்டருக்கு 5 மில்லிதான், அந்தச் சோப்புக் கரைசலிலேயே கலக்கலாம். தழைச்சத்து உரத்தை அளவோடு போடுங்கள், தாள் ரொம்பக் கொழுத்தால் அசுவினி தேடி வரும். தெளித்த மூன்றாம் நாள் இடுக்கை மறுபடி விரித்துப் பாருங்கள். வணக்கம்.